படகுத்துறை கிட் (1:87): எல்லாம் ஒட்டிவிட்டு மை அடித்தால் போதாதா?

வாசகர் கேள்வி, 9 ஜூலை 2023

அமெரிக்காவின் வடகிழக்கே நியூ இங்கிலாந்து பக்கத்து மீன்பிடித் துறை, மாடலாக. லேசரில் வெட்டிய மரத் துண்டுகளை ஒட்டிக் கட்டும் கிட், எச்ஓ அளவு, அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. பெட்டி வந்து ஒரு வாரம் ஆகிறது. என் திட்டம் ரொம்ப எளிமை: முதலில் எல்லாவற்றையும் ஒட்டி முடிப்பது, பிறகு ஸ்பிரிட்டில் கறுப்பு மை கலந்து மேலே ஒரு கை அடிப்பது. மரம் பழசாகிவிடும். இதற்குப் போய் ஆளாளுக்கு ஆறு மாதம், எட்டு மாதம் என்கிறீர்களே, அப்படி என்னதான் செய்கிறீர்கள்?

பதில், 9 ஜூலை 2023, இரவு 11.20

ஒட்டாதீங்க. மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

10 ஜூலை 2023

வெள்ளைப் பசை மரத்தின் துளைகளை அடைத்துவிடும். அதற்கப்புறம் மை உள்ளே இறங்காது. பசை பட்ட இடமெல்லாம் தேமல் மாதிரி வெளுத்து நிற்கும். எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் முதல் கிட்டான தண்ணீர்த் தொட்டி மேடை இன்னும் அலமாரியில் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. முகத்தைக் காட்ட அதற்கு வெட்கம், எனக்கும்.

ஆகவே மரத்துக்கு நிறம் முதலில், பசை பிறகு. உங்களிடம் இருக்கும் அதே கிட் என்னிடமும் இரண்டு வருடமாகப் பிரிக்காமல் கிடக்கிறது. சரி, நானும் பிரிக்கிறேன். பெரம்பூரில் இந்த வாரம் வெயிலும் மழையும் மாறி மாறி. மரத்துக்கு மோசமான வாரம்தான், பரவாயில்லை.

16 ஜூலை 2023

பிரித்தாச்சு. பாஸ்வுட் என்ற லேசான வெளிர் மரத்தில் தகடுகள், சட்டங்கள், 3.5 மி.மீ. உருளைக் குச்சிகள் ஒரு கட்டு (நிஜத்தில் ஓரடி விட்டமுள்ள பைல்கள், துறையைத் தாங்கத் தண்ணீருக்குள் அடித்து நிறுத்தும் மரத் தூண்கள், 305 மி.மீ.யை 87ஆல் வகுத்துப் பாருங்கள்), கூரைக்கு ஒட்டும் காகித ஓடு, வெள்ளை உலோகத்தில் பீப்பாய், நங்கூரம், சிங்கி இறால் கூடு. வழிமுறைத் தாள் நான்கு பக்கம். அதில் மூன்று பக்கம் வரைபடம், ஒரு பக்கம் வாழ்த்து.

மை கலவை: கால் லிட்டர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலுக்கு ஒரு டீஸ்பூன் வாட்டர்புரூஃப் டிராயிங் இங்க். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பக்கத்தில் அடுப்பு, ஊதுபத்தி கூடாது. ஆல்கஹால் ஏன், தண்ணீர் போதாதா என்றால், தண்ணீர் மரத்தை ஊதவைக்கும். ஆல்கஹால் சட்டென்று பறந்துவிடும், மரம் அவ்வளவாக வளையாது.

"அவ்வளவாக" என்றுதான் சொன்னேன். ஒரு பக்கம் மட்டும் தடவினால் கண்டிப்பாக வளையும். சுவர்த் தகட்டின் முன்பக்கம் மட்டும் அடித்துவிட்டுக் காபி குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் தகடு அப்பளம் மாதிரி எழும்பி நிற்கிறது. பின்பக்கமும் அடித்து, இரண்டு டைல்ஸுக்கு நடுவே வைத்து, மேலே அம்மிக் குழவியை ஏற்றி ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் நேராகிவிட்டது. வீட்டில் சட்னிக்குக் குழவியைத் தேடியது தனிக் கதை.

மேல்தளப் பலகைகள் மொத்தம் இருநூற்றுச் சொச்சம். எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் முக்கினால் ஒரே சாம்பல், சிமென்ட் தரை மாதிரி இருக்கும். மூன்று கிண்ணம் வையுங்கள்: ஒன்று நீர்த்தது, ஒன்று கெட்டி, ஒன்றில் கொஞ்சம் பழுப்பு. காய்ந்த பிறகு எல்லாவற்றையும் ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் எடுத்து ஒட்டுங்கள். நீங்களே தேர்ந்தெடுத்தால் கை தன்னை அறியாமல் கோலம் போட ஆரம்பித்துவிடும்: கறுப்பு, சாம்பல், பழுப்பு, மறுபடி கறுப்பு.

17 ஜூலை 2023

டீஸ்பூன். டேபிள்ஸ்பூன் இல்லை. ஒருவர் படம் அனுப்பியிருக்கிறார், பலகை எல்லாம் கரிக்கட்டை.

30 ஜூலை 2023

இந்த வாரம் நார் எடுத்தேன். செருப்புக் கடையில் கிடைக்கும் பித்தளைக் கம்பி பிரஷால் பலகையை நீளவாக்கில் இழுத்தால் மென்மையான பகுதி சுரண்டுப்பட்டு, நார் வரிவரியாக எழும்பும். அதன் மேல் மை போட்டால் வரிகளில் இறங்கி நிற்கும். அட்டகாசம். அறுபது வருட மழை தின்ற பலகை மாதிரி இருக்கிறது. எல்லாப் பலகைக்கும் செய்தேன். ஆணித் தடமும் குண்டூசியால் குத்தினேன், ஒரு பலகைக்கு ஆறு வீதம். ஆயிரத்து இருநூறு குத்து. விரல் இன்னும் மரத்துப்போய் இருக்கிறது. மரவேலை என்றால் சும்மாவா.

6 ஆகஸ்ட் 2023

முந்தைய குறிப்பில் அட்டகாசம் என்று எழுதியது அவசரம்.

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். என் பிரஷ் கீறியது 0.2 மி.மீ. பள்ளம் என்று வையுங்கள். 87ஆல் பெருக்கினால் 17 மி.மீ.க்கு மேல். முக்கால் அங்குலப் பள்ளமுள்ள பலகையில் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு நடப்பவன் கால் என்ன ஆகும்? குண்டூசித் துளை 0.3 மி.மீ., அதாவது 26 மி.மீ. அது ஆணி இல்லை, கட்டைவிரல் போகிற ஓட்டை.

அப்படியானால் எதுவுமே செய்யக்கூடாதா? அதுவும் சரியாக வரவில்லை. ஒன்றும் செய்யாத பலகை ஐஸ்கிரீம் குச்சியாகத்தான் தெரிகிறது. கண்ணுக்குக் கொஞ்சம் மிகைப்படுத்தினால்தான் நம்புகிறது. தெருக்கூத்துக்கு அரிதாரம் பூசுகிற மாதிரி, பக்கத்தில் பார்த்தால் கோரம், பத்தடி தள்ளி முகம். நான் கண்ட சமாதானம் இது: முன்வரிசையில் பார்வை படும் பத்துப் பதினைந்து பலகைகளுக்கு மட்டும் ஆணித் தடம். நார் எடுப்பதை ஒரே ஒரு இழுப்பில் நிறுத்துவது. மீதியை 400 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து அடக்கினேன். ஆயிரத்து இருநூறு குத்தில் எண்பது மிஞ்சியது.

கேள்வி கேட்ட நண்பர் இதற்குள் பாதியை ஒட்டிவிட்டாராம். தேமல் வந்துவிட்டது என்கிறார். நான் முதல் நாளே சொன்னேன், சரி விடுங்கள். பசை பட்ட இடத்தைப் பிளேடால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். போகவில்லை என்றால் அதன் மேல் இறால் கூடுகளை அடுக்கிவிடுங்கள். எதற்காகத் தருகிறார்கள் என்று நினைத்தீர்கள்? ஆனால் உங்கள் காட்சி எந்தக் காலம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மர ரீப்பர் அடித்த, மேலே வளைந்த கூடு என்றால் பழைய காலம். சதுரக் கம்பிவலைக் கூடு 1980 வாக்கில்தான் பரவலானது. நான் 1950களை எடுத்துக்கொண்டேன், அதனால் மரக் கூடுதான்.

20 ஆகஸ்ட் 2023

பைல்கள். தண்ணீருக்கு மேலே இருப்பதை எல்லாம் மழையும் வெயிலும் பழசாக்கும், பைலைக் கடல் பழசாக்கும். கடல் ஒரே உயரத்தில் நிற்பதில்லை, ஏறி இறங்குகிறது. அந்த ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவில்தான் பைலில் பட்டை பட்டையாக நிறம் விழும். மேலே உலர்ந்த சாம்பல். அதற்குக் கீழே அலைத் தெறிப்பு மட்டும் படும் இடத்தில் கறுப்பு வழுவழுப்பு. அதற்குக் கீழே கொட்டலசு (கட்டையிலும் பாறையிலும் ஒட்டி வாழும் சின்ன ஓட்டுயிரி) ஒட்டிய வெள்ளைப் பட்டை. அதற்கும் கீழே தொங்கும் பழுப்புப் பாசி.

ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் போய் முகத்துவாரத்தில் பழைய தூண்களைப் பார்த்து, அளந்து, படம் எடுத்து வந்து அப்படியே தீட்டினேன். பட்டை நான்கும் சேர்ந்து 11 மி.மீ. உயரம். இருபத்திரண்டு பைல். கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது.

27 ஆகஸ்ட் 2023

எண்ணூரைப் பார்த்து அமெரிக்கத் துறை கட்டியிருக்கிறேன். பாஸ்டன் பக்கம் வேலை பார்க்கும் ஒருவர் படம் பார்த்துவிட்டு ஒரே வரியில் கேட்டார்: "அண்ணே, அங்கே தண்ணி வத்தவே வத்தாதா?"

சென்னைக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர், 1:87இல் 11 மி.மீ. சொச்சம். பாஸ்டன் பக்கம் சராசரியே 9 அடிக்கு மேல். 9 அடி என்று வைத்தாலும் 31 மி.மீ. வருகிறது. என் பைலின் வெளியே தெரியும் உயரமே 45 மி.மீ.தான். அதாவது பைலில் மூன்றில் இரண்டு பங்கு ஈரமாக, பாசியாக, கொட்டலசாக இருக்க வேண்டும். மேலே கொஞ்சம்தான் சாம்பல். நான் நேர்மாறாகச் செய்திருக்கிறேன்.

இன்னும் வடக்கே கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 16 மீட்டர் வரை ஏறி இறங்குமாம். அதை 1:87இல் செய்தால் 184 மி.மீ., முக்கால் சாணுக்கும் மேலே. அங்கே துறை கட்டுகிறவன் முதலில் ஏணி கட்ட வேண்டும்.

இருபத்திரண்டு பைலையும் மறுபடி தீட்டுகிறேன். படகுகளைக் கட்டும் விதம்கூட மாறும். 9 அடி இறங்குகிற இடத்தில் கயிற்றைக் குட்டையாகக் கட்டினால் வற்றத்தில் படகு தொங்கும். அதனால் கயிறு நீளம், துறையின் முகப்பில் ஏணி, மிதவை மேடைக்குப் போகக் கீல் வைத்த சரிவுப் பாலம். கிட்டில் ஏணி இருந்தது, எதற்கு என்று புரியாமல் மிச்சப் பெட்டியில் போட்டிருந்தேன்.

3 செப்டம்பர் 2023

கொட்டலசுக்கு ரவை. பசை தடவி, ரவை தூவி, வெளுத்த சாம்பல் அடித்தேன். பார்க்க அசல். ஐந்து ரூபாய் செலவு.

10 செப்டம்பர் 2023

எறும்பு.

11 செப்டம்பர் 2023

சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். காலையில் பார்த்தால் பைல் வழியாக வரிசை கட்டி ஏறி, மேல்தளத்தில் கூட்டம் போட்டிருந்தன. 1950களின் மாசசூசெட்ஸில் யானை அளவு எறும்புகள். ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறேன், எடுக்காமல் இருக்க முடியவில்லை.

எறும்பு வராவிட்டாலும் ரவை தப்புதான். ஒரு மணி அரை மி.மீ., பெருக்கினால் 43 மி.மீ. கொட்டலசு சாதாரணமாக ஒன்று, ஒன்றரை செ.மீ.தான் இருக்கும். இப்போது சமையல் சோடாவை வெளுத்த பெயின்டில் குழைத்துக் குத்தினாற்போல் வைக்கிறேன். மணல் மணலாகத் தெரிகிறது, அளவும் சரி. சோடாவை எந்தப் பூச்சியும் தின்னாது என்று நம்புகிறேன்.

24 செப்டம்பர் 2023

கடலூரிலிருந்து மாமா வந்திருக்கிறார். அம்மாவின் தம்பி. முப்பது வருடம் மீன்பிடிப் படகு கட்டியவர், பலகை இடுக்குகளை அடைக்கக் கலப்பத்து அடித்து அடித்துக் கை காய்த்துப்போனவர். மேசையைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தார்.

"என்ன மாப்ள இது?"

"துறை மாமா. அமெரிக்காவுல இருக்குற மாதிரி. பழசு மாதிரி பண்றேன்."

"புது மரத்தைக் காசு குடுத்து வாங்கி, காசு குடுத்துப் பழசாக்குற."

"ஆமா மாமா."

"நாங்க பழசாகாம இருக்கத்தான்டா மீன் எண்ணெய் அடிச்சோம்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒரு பைலைத் தொட்டார். "இதுல தண்ணி எங்க நிக்குது?" என்றார். நான் பட்டையைக் காட்டினேன். "அது கடல் தண்ணி. அது மரத்தை ஒண்ணும் பண்ணாது, புழு வந்தாத்தான் உண்டு. மழத்தண்ணி எங்க நிக்குதுன்னு கேக்குறேன்." பைலின் தலையைத் தட்டினார். "இங்க நிக்கும். வெட்டுவாய் மேல பாத்து இருக்குல்ல, குடிக்கும். இங்கருந்துதான் உளுத்துப் போவும். நீ தலையப் பளபளன்னு வச்சிருக்க, காலை அழுக்காக்கி வச்சிருக்க."

பழைய துறைப் படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பைல் தலை நடுவில் குழிந்து, பிளந்து, சில இடங்களில் புல்கூட முளைத்திருக்கிறது. தண்ணீர் நிற்காமல் வழியத் தலையைச் சாய்வாகச் சீவியிருக்கிறார்கள், அல்லது தகரத் தொப்பி போட்டிருக்கிறார்கள். நான் பார்த்தும் பார்க்காமல் இருந்தவை. பேனாக்கத்தி முனையால் தலைகளில் வெடிப்பு கீறி, நடுவைக் குடைந்து, கெட்டி மையில் ஒரு சொட்டு விட்டேன். மரம் மாமா சொன்ன மாதிரியே குடித்தது.

25 செப்டம்பர் 2023

மாமா சொன்ன புழுவைப் பற்றி. கப்பல் புழு என்கிறோமே, டெரிடோ, அது புழுவே இல்லை, சிப்பி வகை. நீண்ட உடம்பு, தலையில் இரண்டு சின்ன ஓடு, அதை வைத்து மரத்தைக் குடைந்துகொண்டே போகும். வெளியே குண்டூசி முனை அளவு ஓட்டைதான் தெரியும், உள்ளே தேன்கூடு. 1919 முதல் 1921 வரை சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் துறை துறையாகச் சரிந்து விழுந்தது இதனால்தான். மாடலில் இதைக் காட்ட வழியே இல்லை, வெளியே தெரியாததுதான் அதன் வேலை.

காட்டக்கூடியது இன்னொன்று: கிரிபிள் என்று அரிசி மணி அளவுகூட இல்லாத ஓட்டுயிரி. இது மேற்புறத்திலிருந்து, அதுவும் ஏற்ற வற்றத்துக்கு நடுவிலேயே அதிகம் தின்னும். அதனால் பைல் நடுவில் இடுப்பு சிறுத்து உடுக்கை மாதிரி ஆகிவிடும். மூன்று பைல்களை உருட்டி உருட்டி அரம் போட்டு இடுப்பு எடுத்தேன். மூன்று போதும், எல்லாம் உடுக்கையாகிவிட்டால் துறை நிற்காது.

கிரியோசோட் ஏற்றிய பைல் என்றால் கதை வேறு. ஜான் பெத்தல் 1838இல் காப்புரிமை வாங்கிய முறை, தார் எண்ணெயை அழுத்தத்தில் மரத்துக்குள் ஏற்றுவது. அந்த மரம் சாம்பலாகாது, கரும்பழுப்பாகவே இருக்கும். இந்த வாசனை தெரிய வேண்டுமென்றால் பழைய ரயில் தண்டவாளத்து மரக்கட்டை பக்கம் வெயில் நேரத்தில் நின்று பாருங்கள். பெரம்பூர்க்காரனுக்கு இது தாய்ப்பால் மாதிரி. என் துறையில் பின்னால் மாற்றிய மூன்று பைல் மட்டும் கிரியோசோட். ஒரு துறையில் எல்லாக் கட்டையும் ஒரே நாளில் வந்தவை இல்லையே.

15 அக்டோபர் 2023

கூரைக்கும் மேல்தளத்துக்கும் மை மட்டும் போதவில்லை. மை மேலே உட்காருகிறது. நிஜத்தில் மரம் சாம்பலாவது வேறு விதம், மர நாரைப் பிணைத்து வைக்கும் லிக்னினை வெயில் சிதைக்கிறது, மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது. உள்ளிருந்தே நிறம் மாற வேண்டும்.

இதற்கு மேல்நாட்டு ஆசாமிகள் ஒன்று செய்கிறார்கள்: இரும்பு நாரை வினிகரில் ஒரு வாரம் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை மரத்தில் பூசுகிறார்கள். மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தோடு இரும்பு சேர்ந்து சாம்பல், கறுப்பு வரும். பாட்டில் மூடியை இறுக்காதீர்கள், வாயு கிளம்பும். நான் செய்து பூசினேன். வெளிறிய மஞ்சள்தான் வந்தது. பாஸ்வுட்டில் துவர்ப்பு கம்மி. அதனால் முதலில் கெட்டி டீ டிகாஷன் பூசச் சொல்கிறார்கள். அதையும் செய்தேன், பரவாயில்லை ரகம்.

அப்போதுதான் மண்டையில் தட்டியது. நம் ஊரில் துவர்ப்புக்கு டீயையா தேடுவார்கள்? கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு எப்படி வருகிறது? துணியைக் கடுக்காயில் நனைத்துக் காயவைத்து, பழைய இரும்பை வெல்லத் தண்ணீரில் வாரக்கணக்கில் புளிக்கவைத்த சாறால் வரைகிறார்கள். அதே வேதியியல். நாட்டு மருந்துக் கடையில் இருபது ரூபாய்க்குக் கடுக்காய்ப் பொடி வாங்கி, வெந்நீரில் கரைத்து, வடிகட்டி, பலகையில் பூசிக் காயவிட்டு, அதன் மேல் வினிகர் இரும்பு. கண் முன்னாலேயே ஐந்து நிமிடத்தில் நீலச் சாம்பல் ஏறியது. கடுக்காயைப் பாதிக்குப் பாதி நீர்க்கவிட்டால் வெள்ளிச் சாம்பல். இந்த வேலையில் எனக்கு இதுவரை கிடைத்த ஒரே கண்டுபிடிப்பு இதுதான், அதுவும் எனக்கு முன்னால் சில நூறு வருடம் பழசு.

பசை பட்ட இடத்தில் இதுவும் ஏறாது, அதை இன்னொரு தடவை சொல்லிவைக்கிறேன்.

29 அக்டோபர் 2023

துறை மேல் நிற்கும் குடிசைக்குச் சிவப்பு. "ஏன் எல்லாரும் சிவப்பே அடிக்கிறீர்கள்?" என்று யாரோ கேட்டிருந்தார்கள். மாசசூசெட்ஸின் ராக்போர்ட்டில் பிராட்லி வார்ஃப் என்ற துறை மேல் நிற்கும் ஒரு சிவப்பு மீன்பிடிக் குடிசைதான் காரணம். மோட்டிஃப் நம்பர் 1 என்று பெயர். ஓவியம் கற்கிறவர்கள் ஆளாளுக்கு அதையே வரைந்து கொண்டுவந்ததால் வந்த பட்டப்பெயர். அமெரிக்காவில் அதிகம் வரையப்பட்ட கட்டடம் அதுதான் என்பார்கள். கட்டியது 1840இல்.

வேடிக்கை என்னவென்றால், அது இப்போது இல்லை. 1978 பிப்ரவரிப் பனிப்புயல் அடித்துக்கொண்டு போய்விட்டது. அதே வருடம் அதே இடத்தில் அதே மாதிரி ஒன்றைக் கட்டிவிட்டார்கள். ஆக, 1978க்குப் பிறகு எடுத்த படத்தைப் பார்த்து நாம் பயபக்தியோடு பழசாக்கிக்கொண்டிருப்பது என்னைவிட நான்கே வயது மூத்த கட்டடம். மாமாவிடம் சொன்னேன். "அப்ப ஊரே உன்ன மாதிரிதான் இருக்கு" என்றார்.

சிவப்பு உரிந்த மாதிரி வருவதற்கு: சாம்பல் மரத்தின் மேல் ஹேர்ஸ்பிரே, காய்ந்ததும் மேலே சிவப்பு அக்ரிலிக், அரைமணி கழித்துத் தண்ணீரில் நனைத்த முரட்டு பிரஷால் குத்தினால் அடியிலுள்ள ஸ்பிரே கரைந்து பெயின்ட் செதில் செதிலாகக் கிளம்பும். எங்கே குத்துவது என்பதுதான் விஷயம். கூரை விளிம்புக்குக் கீழே மழை படாது, அங்கே சிவப்பு அப்படியே இருக்கட்டும். தரையை ஒட்டிய அரை அடி, ஜன்னல் கட்டைக்குக் கீழே, பலகை முனைகள், வெயில் அறையும் தெற்குச் சுவர், இங்கேதான் உரியும். நான் முதல் சுவரில் அழகுக்காக நடுநடுவே உரித்துவிட்டேன். பார்த்தால் மரத்துக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது. அந்தச் சுவர் இப்போது பின்பக்கம்.

10 டிசம்பர் 2023

ஆறு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. மிக்ஜாம் புயல். தெருவில் இடுப்பளவு தண்ணீர், மூன்று நாள் கரன்ட் இல்லை. மாடி வீடு என்பதால் துறை தப்பியது. கீழ்வீட்டுக்காரர் பீரோ தப்பவில்லை.

நேற்றுத் தண்ணீர் வடிந்ததும் காம்பவுண்ட் சுவர் முன்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா "என்னப்பா, பித்துப் பிடிச்சிருச்சா" என்றார். ஒரே கோடு இல்லை. நான் எண்ணியவரை ஐந்து. மேலே ஒன்று மெலிதாக, தண்ணீர் அதிகபட்சம் ஏறிக் கொஞ்ச நேரமே நின்ற இடம். அதற்கு ஒரு சாண் கீழே அழுத்தமாக ஒன்று, அங்கேதான் ஒன்றரை நாள் நின்றது. பிறகு படிப்படியாக இறங்கிய தடங்கள். எந்தக் கோடும் கூர்மையாக இல்லை. மேல்விளிம்பு தெளிவு, கீழ்விளிம்பு வழிந்து கரைகிறது. சன்ஷேடுக்குக் கீழே, மரத்தை ஒட்டி, கோடு உடைந்திருக்கிறது.

எண்ணூர்ப் பக்கம் இன்னும் மோசம். வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, படகும் வலையும் தார் முக்கியது மாதிரி. முகத்துவாரத்தில் ஆகஸ்டில் நான் அளந்த தூண்களிலும் இப்போது ஒரு கரிப்பட்டை இருக்கும். போய் அளக்க மனசு வரவில்லை.

என் இருபத்திரண்டு பைலிலும் கோடு ஸ்கேல் வைத்த மாதிரி இருக்கிறது. மூன்றாவது தடவை.

14 ஜனவரி 2024

பொங்கல் லீவில் தண்ணீர் ஊற்றினேன். நிஜத் தண்ணீர் இல்லை, ஊற்றினால் கண்ணாடி மாதிரி இறுகும் எபாக்சி ரெசின், இரண்டு பாகம், அடியில் ஆலிவ் பச்சை கொஞ்சம். மூன்று மூன்று மி.மீ.யாக இரண்டு தடவை. பைல்களைச் சுற்றிப் பலகையில் துளையிட்டதைப் பசை வைத்து அடைத்தேன் என்றுதான் நினைத்தேன். பதினெட்டை அடைத்திருக்கிறேன்.

ரெசின் எங்கே இடுக்கு இருக்கிறதோ அங்கே போகும், ராத்திரி முழுக்கப் பொறுமையாகப் போகும். காலையில் பலகை மேசையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மேசை என்னுடையது இல்லை, என் பையன் படிக்கிற மேசை. இப்போது கணக்கு நோட்டைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வைத்துத்தான் போடுகிறான், புகார் இல்லை. உளி வைத்து எடுக்க மாமா வர வேண்டும்.

இன்னொன்று: ரெசின் பைல் மேலே ஏறியது. மரம் உறிஞ்சி, தண்ணீர்க் கோட்டுக்கு மேலே இரண்டு மி.மீ. வரை பளபளப்பு. முதலில் பதறினேன். பிறகு பார்த்தால் வற்றத்தில் நனைந்து நிற்கும் பைல் அப்படித்தான் மினுங்கும். விட்டுவிட்டேன். ஆனால் வேண்டாம் என்கிறவர்கள் ரெசினுக்கு முன் பைலின் அடிப்பகுதிக்கு மேட் வார்னிஷ் ஒரு கோட் கொடுத்துவிடுங்கள்.

21 ஜனவரி 2024

கேள்வி கேட்ட நண்பர் முடித்துவிட்டார்! படம் போட்டிருக்கிறார். மேல்தளத்தில் பாதிக்கு மேல் இறால் கூடு. ஏன் என்று நம் இருவருக்கும் தெரியும். நன்றாகவே இருக்கிறது, சொல்லப்போனால் என்னுடையதைவிட வேலை நடக்கிற துறை மாதிரி இருக்கிறது. என்னுடையதில் மனுஷ நடமாட்டமே இல்லை.

28 ஜனவரி 2024

மாமா வந்து மேசையைப் பிரித்தார். உளியை எடுத்த கையோடு துறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பைல் தலைகளைத் தொட்டுத் தலையாட்டினார். நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"படகு எங்க கட்டுவானுங்க?"

"இந்த முன்பக்கம் ஆறு பைல்ல மாமா."

"எத்தன வருஷமா?"

"ஒரு நாப்பது, அம்பது வருஷம்."

"அப்ப கயிறு உரசுன தடம் எங்கடா?"

இல்லை. ஒன்றில்கூட இல்லை. 9 அடி ஏற்றமும் வற்றமும், தினம் இரண்டு தடவை, ஐம்பது வருடம், கயிறு மேலும் கீழும் இழுத்திருக்கிறது. மரம் வழவழவென்று தேய்ந்து, பள்ளம் விழுந்து, அந்த இடம் மட்டும் பாசி பிடிக்காமல் வெளுத்திருக்க வேண்டும்.

நூலை மடித்து உப்புத்தாள் பொடி தடவி, பைலைச் சுற்றி முன்னும் பின்னும் இழுத்தால் சரியாக வருகிறது. ஒரு பைலுக்கு இருபது நிமிடம். இரண்டு முடிந்தது, இன்னும் நான்கு.